நோசிர்பாய் வீட்டின் கடைசி அறை

புகாரா
3 நவம்பர் 1974

அன்புத் தம்பி இஸ்தம்ஜானுக்கு,

அக்கா மஸ்தூராவின் ஸலாம். ரானோவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். உன் நெஞ்சு எப்படி இருக்கிறது? ரானோ கொடுக்கிற மாத்திரையை விழுங்குகிறாயா, இல்லை அவள் திரும்பியதும் துப்புகிறாயா? சின்ன வயதில் கசப்பு மருந்தை என் முக்காட்டு நுனியில் துப்பியவன்தானே நீ, அதனால் கேட்கிறேன்.

இங்கே நாங்கள் சுகம். அம்மாவுக்கு இருமல் மட்டும் விட்டபாடில்லை. கூரைக்கு வைக்கோல் மண் பூசி முடித்தாயிற்று. மியூசியத்திலிருந்து இரண்டு ஆட்களை அனுப்பினார்கள். இரண்டு பேரும் மண் கூரையில் கால் வைத்தே பழக்கமில்லாதவர்கள், பூட்ஸோடு ஏறித் திம்திம் என்று நடந்தார்கள். அம்மா முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, "கூரைன்னு நினைச்சீங்களா, குதிரை லாயம்னு நினைச்சீங்களா? கழட்டிட்டு நடங்கடா" என்று போட்ட போட்டில், அவர்கள் அன்று முழுவதும் அம்மா கொடுத்த கம்பளிக் காலுறையோடுதான் வேலை செய்தார்கள். இனி பனி விழுந்தால், மியூசியத்தில் தூசி தட்டுகிறதோடு அதைத் தள்ளுவதும் என் வேலை. ஒரு பொழுது விட்டால் போதும், உருகி இறங்கி அந்தச் சித்திரக் கூரையெல்லாம் கறையாகிவிடும். அம்பத்திரண்டு வயதில் மண்வெட்டியோடு கூரையில் நிற்கிறவளைப் பார்த்துச் சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிறார்கள்.

போன வாரம் ஒரு கூத்து நடந்தது. லெனின்கிராடிலிருந்து ஒரு பெரிய கூட்டம். வழிகாட்டிப் பெண் லோலா உள்முற்றத்தில் நின்று, வணிகன் நோசிர்பாய் இங்கேதான் தன் நான்கு மனைவிகளைப் பூட்டி வைத்திருந்தான் என்று பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். நம் அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா உரக்கச் சொன்னாள்: "நாலா? என் மாமனார் இருந்த ஒருத்திக்கே பயந்து கோடை முழுக்கக் கூரையில படுத்தவரு." நல்ல வேளை, கூட்டத்துக்கு நம் பேச்சு புரியவில்லை. அங்கே ஒரு அம்மாள் பிரார்த்தனை செய்கிறாள் என்று லோலா ரஷ்ய மொழியில் சொல்லிச் சமாளித்தாள். உடனே எல்லாரும் தொப்பியைக் கழற்றிவிட்டு நம் கதவைப் படம் எடுத்தார்கள்.

சிரிக்கிற சேதி முடிந்தது. இனி மற்றதைச் சொல்கிறேன். முழு வீட்டையும் மியூசியமாக்க வேண்டும், குடும்பம் வாழும் அறை ஒன்று நடுவில் இருந்தால் சரிப்படாது என்று மேலிடத்தில் பேச்சு அடிபடுகிறதாம். இயக்குநர் கமோலோவ் நல்ல மனிதர், அவரே வந்து சொன்னார். ஊருக்கு வெளியே கட்டுகிற புதுக் குடியிருப்பில் நமக்கு நான்காவது மாடியில் வீடு தருவார்களாம். எனக்கு எங்கே இருந்தாலும் ஒன்றுதான். என் புருஷன் போரிலிருந்து திரும்பாத அன்றைக்கே எனக்கு வீடு என்கிற ஆசை போய்விட்டது. ஆனால் அம்மா? இந்த வீட்டை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, பருத்தி அலுவலகமாக இருந்தபோது, போர்க்காலத்தில் அநாதைப் பிள்ளைகள் விடுதியாக இருந்தபோது, அப்பா தன் சொந்த வீட்டுக்கே காவல்காரனாகச் சம்பளம் வாங்கி இந்த ஓர் அறையைப் பிடித்து வைத்தாரே, அதற்குள்தான் அவள் இருந்தாள். அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "என் மாமியாரு இந்த வாசல் வழியாப் போனா. உங்கப்பா இந்த வாசல் வழியாப் போனாரு. என்னை மட்டும் மாடிப்படியில சாய்ச்சு இறக்குவீங்களா?"

அறை உன் பெயரில் இருக்கிறது. கடைக்குட்டி மகனுக்குத்தான் வீடு என்று அப்பா உன் பெயரை எழுதிக் கொடுத்தார். பெண் பெயரில் எழுதியிருந்தால் வானம் இடிந்து விழுந்திருக்கும்! அதனால் எந்த முடிவானாலும் உன்னைக் கேட்காமல் எடுக்க முடியாது என்று கமோலோவ் சொல்கிறார். அந்த அளவில் நிம்மதி.

தந்தி அடிக்க மாட்டேன், பயப்படாதே. கூரை ஒழுகுகிறது என்று வசந்தத்தில் நான் அடித்த தந்தியைக் கையில் வாங்கியதுமே அம்மா போய்விட்டாள் என்று நினைத்து நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாயாமே. ரானோ அழுது எழுதியிருந்தாள். அதன் பிறகு தபால் நிலையத்தில் தந்தி ஜன்னல் பக்கமே நான் போவதில்லை.

பனி வரப்போகிறது. போன வருடம் மாதிரி இந்த வருடமும் பனிக்கடிதத்தில் உன்னை மாட்டிவிடுவேன், ஜாக்கிரதை.

உன் அக்கா,
மஸ்தூரா


தாஷ்கெண்ட்
20 நவம்பர் 1974

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய அக்காவுக்கு,

உன் தம்பியின் ஸலாம். அம்மாவின் கையை எடுத்து என் கண்ணில் ஒற்றிக்கொண்டதாகச் சொல்.

மாத்திரையை விழுங்குகிறேன். ரானோ வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாள். பள்ளிக்கூட ஆசிரியையைக் கட்டிக்கொண்டால் இதுதான் கதி.

நாலு மனைவி கதையை நான் அலுவலகத்தில் சொன்னேன். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கச் சிரிப்பு. ஸ்டெப்பிப் புல்வெளியில் வெட்டப்போகிற கால்வாய்க்கு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறோம், புது வருடத்துக்குள் முடிக்க வேண்டும். வேலையில் மூச்சு விட நேரமில்லை. அதனால்தான் கடிதம் தாமதம். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

மாடி வீட்டைப் பற்றி ஒன்று சொல்லட்டுமா? கோபப்படாமல் கேள். எங்கள் வீட்டில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது. நீ இந்த வயதில் கூரை ஏறிப் பனி தள்ளுவதை நினைத்தால் எனக்கு ஆகவில்லை. ஆனால் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் அந்தப் பேச்சே வேண்டாம். பெயர் என்னுடையது. யார் வந்து என்ன சொன்னாலும் எனக்கு ஒரு வார்த்தை எழுது, மறுநாள் ரயிலில் இருப்பேன். என் உயிர் இருக்கும்வரை அம்மாவை அந்த அறையிலிருந்து யாரும் கிளப்ப முடியாது.

இப்போது பனிக்கடித விஷயத்துக்கு வருகிறேன். என் சின்ன மகள் நர்கிஸ் அது என்ன என்று கேட்டாள். தாஷ்கெண்டில் வளர்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது? உட்காரவைத்துச் சொன்னேன். முதல் பனி விழும் நாளில் ஒருவர் கடிதம் எழுதி ஆள் மூலம் கையில் கொடுத்தனுப்புவார். நீ அதை வாங்கிப் பிரித்துவிட்டால் தீர்ந்தது, நீ தோற்றாய், அனுப்பியவர் கேட்ட விருந்தைப் போட்டே ஆக வேண்டும். வாங்குவதற்கு முன்னால் கொண்டுவந்தவரைப் பிடித்துவிட்டால் அவர் முகத்தில் கரியைப் பூசிக் கடிதத்தோடு திருப்பி அனுப்பலாம், விருந்து அனுப்பியவர் தலையில். கேட்டுவிட்டு அவள், அப்படியானால் கொண்டுவருகிறவர் பொய் சொல்லலாமா என்றாள். சொல்லலாம், சொல்ல வேண்டும், அதுதான் விளையாட்டு என்றேன்.

போன வருடம் நீ உலர்ந்த பாதாமிப் பழப் பைக்குள் கடிதத்தை ஒளித்து அனுப்பி என்னை ஓர் ஆட்டுக்குட்டி செலவழிக்க வைத்தாய். இந்த வருடம் அது நடக்காது. முதல் பனி நாளில் எவர் கையிலிருந்தும் ஒரு துண்டுத் தாளைக்கூட நான் தொடமாட்டேன். சொல்லிவிட்டேன்.

உன் தம்பி,
இஸ்தம்


புகாரா
12 டிசம்பர் 1974

இஸ்தம்ஜான்,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள். இதைத் தபாலில் போட்டால் குளிர்காலத்தில் எப்போது வந்து சேரும் என்று சொல்ல முடியாது. அதனால் பக்கத்து வீட்டு ஹோஷிம் கையில் கொடுத்தனுப்புகிறேன். ரயிலில் உதவியாளராக இருக்கிறாரே, அவர்தான். அவருடைய ரயில் தாஷ்கெண்ட் தாண்டி ஆந்திஜான் வரை போய்விட்டுத் திரும்பும். போகிற வழியில் உன்னிடம் இதைக் கொடுப்பார்.

அறையைக் காலி செய்வது பற்றி முடிவெடுக்க நினைவுச்சின்னக் குழு வருகிற பதினெட்டாம் தேதி காலையில் நம் வீட்டிலேயே கூடுகிறது. அறிவிப்பு நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. பதிவில் பெயர் இருப்பவர் நேரில் வந்து ஆட்சேபம் சொன்னால் அம்மாவின் ஆயுள் வரை விட்டுவிடலாம் என்று கமோலோவ் சொல்கிறார். வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்களாம். நான் போய், மகள் நான் சொல்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். அவர் தலை குனிந்து, "அக்கா, உங்க பேரு அதுல இல்லையே" என்றார். அதற்கு மேல் அந்த மனிதரை நான் என்ன கேட்பது?

தொலைபேசி நிலையத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன். உன் அலுவலகத்துக்கு இணைப்பு கிடைக்கவில்லை. தந்தி அடிக்கலாமா என்று நினைத்தேன், ரானோவின் அழுகை நினைவுக்கு வந்தது. நீ தந்தியைப் பார்த்து விழுந்துவிட்டால் நான் அறையை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. இருமல் அதிகமாகிவிட்டது. மருத்துவர் என்னைத் தனியாக அழைத்து, குளிர்காலம் தாண்டுவது கடினம் என்றார். ஆகவே தம்பி, நான் உன்னிடம் பல வருஷத்துக்கு அறை கேட்கவில்லை. ஒரு குளிர்காலத்துக்குத்தான் கேட்கிறேன். அவள் இந்த அறையில் கண்ணை மூட வேண்டும், இந்த வாசல் வழியாகப் போக வேண்டும். அவள் நம்மிடம் கேட்ட ஒரே பொருள் இதுதான்.

கால்வாய் ஓடிப்போகாது. பதினேழாம் தேதி ரயிலில் ஏறினால்கூடப் பிந்திவிடும், பதினாறாம் தேதியே ஏறிவிடு. உனக்காகக் காகான் ஸ்டேஷனில் நான் காத்திருப்பேன்.

இங்கே இன்னும் பனி இல்லை, வறண்ட குளிர்தான்.

அக்கா


தாஷ்கெண்ட்
15 டிசம்பர் 1974

தோற்றுப்போன என் அக்காவுக்கு,

வெற்றி பெற்ற தம்பியின் ஸலாம்!

நேற்று விடிந்து ஜன்னலைத் திறந்தால் ஊரே வெள்ளை. முதல் பனி. நான் பிள்ளைகளிடம், இன்று உங்கள் அத்தை சும்மா இருக்க மாட்டாள் பாருங்கள் என்று சொல்லி வாய் மூடவில்லை, கதவு தட்டுகிறது. ஹோஷிம் நிற்கிறார். தொப்பியில் பனி, கையில் உன் கையெழுத்தோடு ஓர் உறை. அக்கா, உன் துணிச்சலே துணிச்சல். புகாராவில் இருந்துகொண்டு தாஷ்கெண்டில் என்று பனி விழும் என்று எப்படிக் கணக்குப் போட்டாய்? வானொலியில் கேட்டாயா?

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "உள்ள வாங்க ஹோஷிம், முதல்ல டீ குடிங்க" என்றேன். "டீ கிடக்கட்டும், இதைப் பிடிங்க, அவசரம்னு அக்கா சொன்னாங்க" என்றார். "அவசரம்னு சொல்லாத பனிக்கடிதத்தை நான் இதுவரைக்கும் பாத்ததே இல்லை" என்றேன். பிள்ளைகள் இரண்டு பேரும் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். மாடி வீட்டில் கரிக்கு எங்கே போவது? ரானோ பிலாவ் சோற்றுக் கொப்பரையின் அடியைச் சுரண்டிக்கொண்டு வந்தாள். மனிதர் நடிப்பதில் கெட்டிக்காரர், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கடைசியில் மேஜையில் இருந்த ரொட்டி மேல் கை வைத்துச் சத்தியம் செய்யப் போனார். ரானோ சட்டென்று ரொட்டியை நகர்த்திவிட்டாள். விளையாட்டுக்காக ரொட்டி மேல் பொய்ச் சத்தியம் செய்தால் பாவம் அவரைத்தானே சேரும்?

வயிறாரச் சாப்பாடு போட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று தவித்தவரைக் கடிதத்தோடும் கரியோடும் அனுப்பிவைத்தோம். உறையை நான் விரலால்கூடத் தொடவில்லை. நர்கிஸ் சாட்சி.

ஆக, விருந்து உன் பொறுப்பு. என் நிபந்தனைகள்: அம்மா மேற்பார்வையில் புகாராப் பிலாவ், கொழுப்பு வால் ஆட்டுக்கறி, அந்த மாவு அல்வா. அம்மாவிடம் சொல், அவள் மகன் இந்தத் தடவை ஏமாறவில்லை என்று.

நெடுநாள் கழித்து இப்படிச் சிரித்தேன் அக்கா. நெஞ்சு லேசாக இருக்கிறது.

உன் தம்பி,
இஸ்தம்


புகாரா
26 டிசம்பர் 1974

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீதான் ஜெயித்தாய். அம்மாவிடம் சொன்னேன், சிரித்தாள்.

விருந்து உன் பங்குக்கு இங்கேயே ஆயிற்று. ஹோஷிமும் அவர் மனைவியும் வந்து சாப்பிட்டார்கள். நீ வரும்போது மறுபடி செய்கிறேன்.

எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. கூரையில் பனி தள்ளுகிற வேலையை இந்த வருடம் மியூசியம் ஆட்களே பார்த்துக்கொள்கிறார்கள். எனக்கு முதுகு வலி இல்லை. கடிதத்தை எப்போதும் போல மியூசிய விலாசத்துக்கே எழுது, அங்கேதான் பகலில் இருக்கிறேன்.

கால்வாய் வேலையை முடி. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


தாஷ்கெண்ட்
19 ஜனவரி 1975

அன்புள்ள அக்கா,

புது வருட வாழ்த்துகள் தாமதமாக. என்ன, கடிதத்தைத் தந்தி மாதிரி நாலு வரியில் முடித்துவிட்டாய்? தோற்றதில் இவ்வளவு ரோஷமா?

வரைபடத்தை ஒப்படைத்துவிட்டோம். மார்ச்சில் நவ்ரூஸ் பண்டிகைக்கு எல்லாருமாக வருகிறோம். நர்கிஸ், அம்மாவின் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து சுற்றுலாக்காரர்களைப் பயமுறுத்த வேண்டும் என்கிறாள். அம்மாவுக்கு இங்கே ஒரு நல்ல இருமல் மருந்து கிடைத்திருக்கிறது, கொண்டுவருகிறேன்.

மாடி வீட்டுப் பேச்சு அடங்கிவிட்டது போலிருக்கிறது, நீ அதைப் பற்றி எழுதவே இல்லை. நல்லது. கமோலோவிடம் சொல், இஸ்தம் உயிரோடு இருக்கிறான் என்று.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும் என்று இருந்தேன். அந்தப் பனிக்கடிதத்தில் என்னிடம் என்ன கேட்டிருந்தாய்? ஆடா, பட்டுத்துணியா? இப்போது சொல்லலாம், ஆட்டம்தான் முடிந்துவிட்டதே.

உன் தம்பி,
இஸ்தம்


தாஷ்கெண்ட்
20 மார்ச் 1975

அக்கா,

அம்மா போய் நாற்பது நாள் முடிந்துவிட்டது. ஊரிலிருந்து திரும்பியது முதல் உனக்கு எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன்.

ரானோவின் பள்ளிக்கு நீ அடித்த தந்தியை அவள் மெதுவாகச் சொன்னாள். விமானத்தில் வருகிற வழியெல்லாம் நம் வாசலைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். டாக்ஸிக்காரனிடம் தந்தியை நீட்டினேன், அவன் ஊருக்கு வெளியே திரும்பினான். தப்பான வழி என்று அவனோடு சண்டை போட்டேன். "நீங்க குடுத்த விலாசம் இதுதானே அண்ணே" என்றான். தந்தியில் நீ எழுதியிருந்த விலாசத்தை நான் படிக்கவே இல்லை அக்கா, முதல் வார்த்தையைத்தான் படித்தேன்.

அப்புறம் அந்தப் படி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் பாடை திரும்பவில்லை. நிறுத்திச் சாய்க்க வேண்டியிருந்தது. கால் பக்கம் என் தோளில் இருந்தது. அம்மாவின் பாரம் முழுவதும் சரிந்து என் மேல் வந்தது. "சாய்ச்சு இறக்குவீங்களா" என்று அவள் கேட்டதாக நீ எழுதியிருந்தாயே. நான்தான் சாய்த்தேன்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது ஹோஷிம் என் பக்கத்தில் நடந்தார். திட்டவில்லை. "நான் ரொட்டி மேல கை வச்சிருந்தா நம்பியிருப்பீங்க, இல்லையா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. மீதியைக் கமோலோவிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தக் கடிதத்தைக் கொடு என்று உன்னிடம் கேட்டேன். எரித்துவிட்டேன் என்றாய். ஊர் கூடியிருந்தது, மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

ஏன் சொல்லவில்லை அக்கா? டிசம்பரில் சொல்லியிருந்தால் ஜனவரியில் வந்து அம்மா காலில் விழுந்திருப்பேனே. ஆடா பட்டா என்று உன்னைக் கேட்டேனே. அந்த வரியை எழுதிய கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

திரும்பியதும் நான் சும்மா இருக்கவில்லை. இங்கே மேலிடத்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். என் வாழ்நாளில் யாரிடமும் கெஞ்சாதவன் கெஞ்சினேன். முடிவை மாற்றி எழுதிவிட்டார்கள். அந்த அறை மறுபடி நம் குடும்பத்துக்கு. இந்தத் தடவை உன் பெயரில். உத்தரவை இத்துடன் வைத்திருக்கிறேன். கமோலோவுக்கும் நகல் போகிறது. நீ அங்கேயே திரும்பிப் போ. அம்மாவின் அறையில் விளக்கேற்று. என்னால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான். வாங்கிக்கொள் அக்கா.

இஸ்தம்


புகாரா
2 ஏப்ரல் 1975

அன்புத் தம்பி இஸ்தம்ஜானுக்கு,

அக்காவின் ஸலாம். உன் கடிதமும் தாளும் வந்தன.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். சொல்கிறேன், பொறுமையாக உட்கார்ந்து படி.

ஹோஷிம் பதினேழாம் தேதி மாலை ரயிலிலிருந்து இறங்கி நேரே நம் வீட்டுக்கு வந்தார். முகத்தைக் கழுவியிருந்தார், ஆனால் காதோரமெல்லாம் கரி. உறை அப்படியே இருந்தது. அதை வாங்கி முக்காட்டுக்குள் மறைத்தேன். ஆனால் அம்மா படுக்கையிலிருந்து அந்தக் கரியைத்தான் பார்த்தாள். "பனிக்கடிதமா? மாட்டலையா என் புள்ள?" என்று கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். இருமலும் சிரிப்புமாகக் கண்ணில் நீர் வழிய, ஹோஷிமைப் பக்கத்தில் உட்காரவைத்து, யார் கையைப் பிடித்தது, யார் கரி பூசியது, நீ என்ன சொன்னாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் வேடிக்கையாகச் சொன்னார். கடன் வைக்கக் கூடாது, இப்போதே விருந்து போடு என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். நான் பிலாவ் வைத்தேன். அழுதுகொண்டே காரட் நறுக்கினேன், வெங்காயம் என்று சொல்லிவிட்டேன். அன்று அவள் சாப்பிட்ட மாதிரி அதற்குப் பிறகு சாப்பிடவில்லை.

மறுநாள் குழு வந்தது. கமோலோவ் வேண்டுமென்றே வெளிமுற்றத்தில் தூண்களைக் காட்டி, சித்திரத்தைக் காட்டி, அவர்களை நிறுத்தி வைத்துக்கொண்டிருந்தார். இடையிடையே என்னிடம் வந்து, "தம்பி வந்துட்டாரா?" என்று கேட்டார். எத்தனை தடவைதான் இல்லை என்று சொல்வது. பிறகு அவர்கள் உள்ளே வந்தார்கள்.

அம்மாவைக் கம்பளத்தில் உட்காரவைத்து நான்கு பேர் புதுக் குடியிருப்பின் நான்காவது மாடிக்குத் தூக்கிப் போனார்கள்.  ஜன்னலருகே படுக்கை போடச் சொன்னாள். இரண்டு நாள் நம் வீட்டுக் கூரை தெரிகிறதா என்று தேடினாள். அங்கிருந்து எதிர் மாடியில் உலர்கிற துணிதான் தெரியும். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "இஸ்தமுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "சொல்லாத. ஓடி வருவான், எல்லார்கிட்டயும் சண்டை போடுவான், அவன் நெஞ்சு தாங்காது. அவன் சிரிச்சிட்டிருக்கான், சிரிக்கட்டும்" என்றாள். கடிதத்தில் என்ன இருந்தது என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. அந்த ரகசியத்தை நான் காப்பாற்றினேன். உன்னிடம் மறைத்தது அவள் சொல்லித்தான். அதற்கு மேல் என்னைக் கேட்காதே.

நீ கேட்காத ஒன்றையும் நான் சொல்லிவிட வேண்டும். எனக்கு உன் மேல் கோபம் இருக்கிறது. முதலில் கமோலோவ் மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், குழுவின் மேல், அன்று பார்த்துப் பெய்த பனியின் மேல். எங்கே சுற்றினாலும் அது உன்னிடம் வந்துதான் நிற்கிறது. உன் கையில் கொடுத்த கடிதத்தை நீ வாங்கவில்லை. விளையாட்டு என்று தெரியும், நானும் அப்படித்தான் உன்னை வருஷா வருஷம் ஏமாற்றியிருக்கிறேன், உன் இடத்தில் நான் இருந்தாலும் ஹோஷிம் முகத்தில் கரி பூசியிருப்பேன். எல்லாம் தெரியும். தெரிந்தும் போகவில்லை. ஆனால் அம்மா கடைசியாகச் சிரித்ததும் அதே காரியத்துக்குத்தானே. அதனால் நிம்மதியாகக் கோபப்படவும் எனக்கு வழியில்லை.

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். நீ கெஞ்சியது எனக்குப் புரிகிறது, அதற்காக என் நெஞ்சு வலிக்கிறது. ஆனால் நான் அங்கே போகமாட்டேன். அந்த அறையில் இப்போது கண்ணாடிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். அம்மாவின் கல்யாண மெத்தையை விரித்து ஒரு பொம்மைப் பெண்ணை உட்காரவைத்திருக்கிறார்கள். போன மாதம் வேலையை விட்டுவிட்டேன். அம்மாவின் மெத்தையைத் தூசி தட்ட எனக்குக் கை வரவில்லை. வீடு நன்றாகத்தான் இருக்கிறது. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க ஊரெல்லாம் வருகிறது. வரட்டும்.

அம்மா போனது இந்த நான்காவது மாடியிலிருந்து. நாற்பது இரவு அவளுக்கு விளக்கு எரிந்தது இங்கே. அவள் ஆவி வீட்டைத் தேடி வருமென்றால் கடைசியாக விட்டுப்போன இடத்துக்குத்தானே வரும்? அப்போது இங்கே யாரும் இல்லாமல் கதவு பூட்டியிருக்கக் கூடாது. ஆசைப்பட்ட வாசல் அவளுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்த வாசலிலாவது ஆள் இருக்க வேண்டும்.

வருஷம் முடியும்வரை துக்கத்துக்கு நீலம் உடுத்துவேன். அதுவரை உனக்கு எழுத மாட்டேன். எழுதினால் மேலே எழுதியதையேதான் மறுபடி எழுதுவேன், உன் உடம்புக்கும் அது ஆகாது. நீயும் எழுதாதே. பிப்ரவரியில் வருஷ நினைவு நாளுக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வா. பழைய வீட்டுக்குப் போய் நிற்காதே, நேரே இங்கே வா. மூன்றாவது மாடிக்கு மேல் படியில் விளக்கு எரிவதில்லை. ஒரே மூச்சில் ஏறாதே. ஒவ்வொரு மாடியிலும் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு வா. நான் கதவைத் திறந்து வைத்திருப்பேன்.

உன் அக்கா,
மஸ்தூரா